எங்கள் புளோக்குக்குக் கீழே பேரங்காடி வருகிறது: வேலை தேடுவோர் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் பேட்டைக் கடைத்தொகுதியின் கண்ணாடியில் "விரைவில் திறக்கிறோம், ஆட்கள் தேவை" என்ற தாளை ஒட்டிய நாளிலிருந்து என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. பதினான்கு ஆண்டுகள் பேரங்காடியில் வேலை பார்த்தவள் நான். பகுதிநேரக் கேஷியராகச் சேர்ந்தேன், பிறகு முழுநேரம், கடைசி ஐந்து ஆண்டுகள் கல்லாப் பகுதி மேற்பார்வையாளர். அதனால் மின்தூக்கியில் பார்ப்பவர்கள்கூட என்னைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புதிய கிளை வந்தால் உண்மையிலேயே புதிய வேலைகள் வருமா?

வரும். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் பார்க்கப்போகும் எல்லா முகமும் புதிதாக எடுத்த ஆள் இல்லை. கிளை மேலாளர், மீன் வெட்டத் தெரிந்தவர், காய்கறிப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர், கல்லா மேற்பார்வையாளர் எல்லாம் பெரும்பாலும் பழைய கிளைகளிலிருந்து மாற்றி அனுப்பப்படுபவர்கள். அனுபவம் இல்லாத ஆட்களை மட்டும் வைத்து முதல் நாள் கடை திறக்க முடியாது. அவர்கள் கிளம்பி வந்த இடங்கள் அங்கே காலியாகின்றன. அதனால்தான் வேலை கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: புதுக் கிளையில் இடம் நிரம்பிவிட்டது என்றால், பக்கத்துப் பேட்டையில் இருக்கும் பழைய கிளையைப் பற்றியும் அதே ஆளிடம் கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கீழே பேரங்காடி வந்தால், எதிர் புளோக் மினிமார்ட்டில் அரிசியும் எண்ணெயும் வாங்கும் கூட்டம் குறையும். ஈரச்சந்தையில் காய்கறி விற்கும் அம்மாவுக்கும் அது தெரியும். அங்கே ஓர் ஆள் வேலை இழந்து இங்கே ஓர் ஆள் வேலைக்குச் சேர்ந்தால் ஊருக்குக் கிடைத்த வேலை கூடவில்லை. அறிவிப்பில் வரும் எண்ணிக்கையில் இந்தக் கழித்தல் இருக்காது.

அப்படியானால் இதில் என்ன நன்மை என்றால், என் பதில் தூரம்தான். சிங்கப்பூரில் வேலையே இல்லை என்ற நிலை இல்லை. சில்லறைக் கடைகள் ஆள் கிடைக்காமல் தவிக்கின்றன. ஆனால் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் திரும்ப வேண்டிய தாய்க்கு, மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டியவளுக்கு, முழங்கால் வலியோடு இருக்கும் அறுபது வயதுக்காரருக்கு, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலை வேலையே இல்லை. மின்தூக்கியில் இறங்கினால் வேலையிடம் என்றால் அவர்களும் சம்பாதிக்கலாம். நான் சேர்ந்ததும் அப்படித்தான்: என் இளைய மகன் தொடக்கநிலை ஒன்றில் இருந்தான், கடை பள்ளிக்கு எதிரில் இருந்தது.

ஏன் இவ்வளவு கிளைகள் திறக்கிறார்கள்?

புது வீடுகள் வருகின்றன. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய பேட்டைகளைக் கட்டும்போது பேரங்காடிக்கு இடம் ஒதுக்கி ஏலக்குத்தகைக்கு விடுகிறது. தெங்கா மாதிரி புது நகரில் குடியேறும் குடும்பத்துக்கு முதலில் வேண்டியது பாலும் முட்டையும்.

பழைய கதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஃபேர்பிரைஸ் பேரங்காடி, விலைவாசி ஏறிக்கொண்டிருந்த 1973ல் என்டியுசி எனப்படும் தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸின் கூட்டுறவுக் கடையாகத் தோ பாயோவில் தொடங்கியது. அப்போது அதன் பெயர் என்டியுசி வெல்கம். 1983ல் இன்னொரு கூட்டுறவோடு இணைந்த பிறகுதான் ஃபேர்பிரைஸ் ஆனது. இன்னொரு பேரங்காடியான ஷெங் சியோங்கைத் தொடங்கியவர்கள் பன்றிப் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள். 1985ல் அங் மோ கியோவில் ஆரம்பித்து, 2011ல் பங்குச் சந்தைக்கு வந்து, 2024 இறுதியில் சிங்கப்பூரில் 75 கிளைகளோடு நின்றது. இரண்டும் வளர்ந்தது வீவக புளோக்குகளின் அடியில்தான். அதனால் அவற்றின் வேலைகளும் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

கேஷியர் வேலை மட்டும்தானா?

கண்ணில் படுவது கேஷியர். ஆனால் கடையில் பாதி வேலை கல்லாவுக்கு வெளியே நடக்கிறது.

விடியற்காலையில் லாரி வரும். பேலட்டில் வரும் சரக்கைப் பிரித்து, எண்ணிப் பார்த்து, பின்னறைக்கும் குளிரறைக்கும் அனுப்ப ஓர் அணி. அலமாரியில் அடுக்க இன்னோர் அணி. அடுக்குவது சும்மா வைத்துவிட்டுப் போவது இல்லை. காலாவதி நாள் நெருங்கியது முன்னால், புதியது பின்னால். பால் அலமாரியில் இதைத் தவறவிட்டால் ஒரே வாரத்தில் குப்பைக்குப் போகும் அளவு பயமுறுத்தும். காய்கறிப் பகுதியில் வாடிய இலையைக் கிள்ளி, எடை போட்டு, பொட்டலம் கட்டுகிறார்கள். கீரை வகை தெரிந்த நம் பெண்கள் அங்கே நன்றாக வருவதைப் பார்த்திருக்கிறேன். முருங்கைக்கீரைக்கும் அகத்திக்கீரைக்கும் வித்தியாசம் தெரியாமல் விலை ஒட்டும் ஆட்களுக்கு நடுவில் அது பெரிய தகுதி.

மீன் பகுதி கடினம். கை எப்போதும் ஈரம், தரையும் ஈரம். ஆனால் வெட்டத் தெரிந்தவரை எந்தக் கிளையும் விடாது. உணவைக் கையாளும் பகுதிகளில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையை முடிக்கச் சொல்வார்கள். ஒரு நாள் வேலைதான், பயந்துவிடாதீர்கள்.

கிளைக்கு வெளியேயும் வேலை உண்டு. கிளை கூடினால் விநியோகக் கிடங்கும் பெரிதாக வேண்டும். கிடங்கில் சரக்கு பிரிப்பவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர், லாரி ஓட்டுநர், இணையத்தில் வந்த ஆர்டருக்குப் பொருள் எடுப்பவர் என்று ஆள் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆண்கள் பலர் கடை என்றதும் "அது பெண்கள் வேலை" என்று ஒதுங்குகிறார்கள். அவர்களிடம் கிடங்கைப் பற்றிச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. கடைக்குள் காப்பித் தூளையோ சோப்பையோ சுவைக்கவும் முகரவும் தரும் புரோமோட்டர்கள் அந்தப் பேரங்காடியின் ஊழியர்கள் இல்லை. பொருள் தயாரிக்கும் நிறுவனமோ முகவரோ அனுப்புபவர்கள். அந்த வேலைக்குச் சேர்ந்தால் உங்கள் சம்பளமும் விடுப்பும் வேறு முதலாளியின் பொறுப்பு.

சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

சில்லறை வணிகத்துக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை 2022 செப்டம்பர் 1ல் வந்தது. வெளிநாட்டு ஊழியரை வைத்திருக்கும் நிறுவனம் தன் குடிமக்கள், நிரந்தரவாசி ஊழியர்களுக்கு இந்த அளவுக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. பெரிய பேரங்காடிகள் எல்லாம் இதற்குள் வரும். முழுநேரக் கேஷியர், கடை உதவியாளருக்கு முதல் ஆண்டு 1,850 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2023 செப்டம்பரில் 2,015. 2024 செப்டம்பரில் 2,175. செப்டம்பருக்குச் செப்டம்பர் மாறும் அட்டவணை என்பதால், நீங்கள் சேரும் மாதத்துக்கான தொகையை மனிதவள அமைச்சின் பக்கத்தில் பார்த்துவிட்டு நேர்காணலுக்குப் போங்கள். மூத்த உதவியாளர், மேற்பார்வையாளர் என்று ஒவ்வொரு படிக்கும் தனித் தொகை உண்டு.

இது ஒப்பந்தத் தொகை. கையில் வருவது குறையும். 55 வயது வரை சிபிஎஃப் எனப்படும் மத்திய சேம நிதிக்கு உங்கள் பங்கு 20 விழுக்காடு. 2,175 வெள்ளியில் 435 அங்கே போனால் கையில் 1,740. முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு மேலே போடுகிறார். வீடு வாங்கவும் மருத்துவத்துக்கும் அந்தப் பணம் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. "ரொக்கமாகக் கொடுத்துவிடுகிறேன், சிபிஎஃப் வேண்டாமே" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பு, இழப்பும் உங்களுக்குத்தான்.

30 வயதைத் தாண்டிய குடிமக்கள், மாத வருமானம் 3,000 வெள்ளிக்குள் இருந்தால், குறைந்த வருமான ஊழியருக்கு அரசு தரும் வேலைநலன் துணை வருமானத்துக்கும் தகுதி பெறலாம். 2025லிருந்து ஆண்டுக்கு 4,900 வெள்ளி வரை, வயதுக்கு ஏற்ப. முதலாளி சேம நிதி கட்டியிருந்தால் தானாகவே வரும். ரொக்கமாக வேலை பார்த்தவர்களுக்கு இதுவும் போய்விடும்.

பகுதிநேரமாகச் சேர்ந்தால்?

வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைந்தால் பகுதிநேரம். மேலே சொன்ன 2024 செப்டம்பர் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள்: வாரம் 44 மணி என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 190 மணி, 2,175ஐ அதால் வகுத்தால் மணிக்கு 11 வெள்ளி 40 காசு பக்கத்தில் வரும். இதற்குக் குறைவாகச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

மணிக்கூலியை விட எத்தனை மணி என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நான் முதன்முதலில் சேர்ந்த கடை, பெயர் சொல்ல வேண்டாம், திறந்த மாதத்தில் எனக்கு வாரம் 30 மணி கொடுத்தது. விழாக்கூட்டம், தள்ளுபடி, வரிசை வாசல் வரை. அந்தப் பணத்தை நம்பி மகனைத் துணைப்பாட வகுப்பில் சேர்த்தேன். மூன்றாம் மாதம் கூட்டம் அடங்கியது, ரோஸ்டரில் என் பெயர் வாரம் இரண்டு நாளுக்கு இறங்கியது. யாரும் தப்பு செய்யவில்லை என்றுகூடச் சொல்லலாம், ஒப்பந்தத்தில் "தேவைக்கேற்ப" என்றுதான் இருந்தது. நான் படிக்கவில்லை. வகுப்புக் கட்டணத்தை என் கொழுந்தனாரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினேன். அதனால் சொல்கிறேன்: வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி என்பதை எழுத்தில் கேளுங்கள். 14 நாளோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, சேர்ந்த 14 நாளுக்குள் முக்கிய வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டியது முதலாளியின் கடமை. சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

ஷிஃப்ட் எப்படி இருக்கும்? கூடுதல் நேரம்?

காலை ஷிஃப்ட், மாலை ஷிஃப்ட். சில கிளைகளில் இரவும். ஞாயிறு விடுப்பு என்ற எண்ணத்தைச் சேரும்போதே விட்டுவிடுங்கள், ஞாயிறுதான் நமக்குக் கூட்டம். வாரம் ஒரு ஓய்வுநாள் கட்டாயம் உண்டு, அது புதன்கிழமையாகவும் இருக்கலாம்.

அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்குள் இருந்தால் (உடலுழைப்பு வேலை செய்பவருக்கு 4,500) வாரம் 44 மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றரை மடங்கு கூலி. மாதம் 72 மணிக்கு மேல் கூடுதல் நேரம் வாங்கக் கூடாது. தொடர்ந்து 6 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் நிற்க வைக்கக் கூடாது. நிற்பது என்றேன், உண்மையில் அதுதான் இந்த வேலையின் வலி. நல்ல காலணி வாங்குங்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன்பே வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கும் என் தம்பியை இந்த வேலைக்குக் கூப்பிட முடியுமா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பலர் பணத்தை இழந்துவிட்டு வந்து கேட்கிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

பேரங்காடி சேவைத் துறையில் வருகிறது. சேவைத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் ஆள் எடுக்கக்கூடிய இடங்கள் மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் வருகிறார்களே என்றால், அவை வேறு துறை, வேறு விதி. இந்திய உணவகச் சமையல்காரர் போன்ற சில பணிகளுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. கேஷியரும் அலமாரி அடுக்குபவரும் அதில் இல்லை.

நடுத்தரத் திறன் ஊழியருக்கான எஸ் பாஸ் அனுமதி எடுக்கலாமே என்பார்கள். 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வயது கூடக் கூட அதுவும் கூடும். சேவைத் துறையில் நிறுவனத்தின் ஊழியரில் 10 விழுக்காட்டுக்கு மேல் எஸ் பாஸ் இருக்க முடியாது. அலமாரி அடுக்கும் வேலைக்கு எந்த நிறுவனம் அதைச் செலவழிக்கும்?

ஆகவே திருச்சியிலோ ராமநாதபுரத்திலோ ஒருவர் "சிங்கப்பூர் சூப்பர் மார்க்கெட், கேஷியர் வேலை, நான்கு லட்சம் கொடு" என்று சொன்னால், தம்பியிடம் பணத்தைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். இங்கே உரிமம் பெற்ற முகவர் ஊழியரிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகம் போனால் இரண்டு மாதம். வேலை கொடுப்பதற்கு முதலாளியே பணம் வாங்குவது குற்றம். கையில் கொடுக்கப்பட்ட கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் உண்மையா என்பதை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். கடிதத்தில் எழுதியிருக்கும் வேலையும் முகவர் சொன்ன வேலையும் ஒன்றா என்று பாருங்கள். சென்ற ஆண்டு என்னிடம் ஒரு தம்பி காட்டிய கடிதத்தில் துறை கட்டுமானம் என்று இருந்தது. அவனிடம் சொன்னது பேரங்காடி. நல்லவேளை, விமானம் ஏறுவதற்கு முன் அவன் அக்கா என்னிடம் அனுப்பினாள்.

ஏற்கெனவே இங்கே கட்டுமான வேலையில் இருக்கிறேன். ஞாயிறு மட்டும் பேரங்காடியில் நிற்கலாமா?

கூடாது. உங்கள் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் முதலாளியிடம், அதில் இருக்கும் வேலையை மட்டுமே செய்யலாம். அகப்பட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், பிறகு வரவே முடியாமல் போகலாம்.

கணவரோடு வந்திருக்கிறேன். நான் வேலைக்குப் போகலாமா?

உங்கள் அனுமதி என்ன என்பதைப் பொறுத்தது. டிபி எனப்படும் சார்ந்திருப்போர் அனுமதியில் இருந்தால், 2021 மே 1லிருந்து ஒப்புதல் கடிதத்தை வைத்து வேலைக்குச் சேர முடியாது. சொந்தத் தகுதியில் வேலை அனுமதி எடுக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த டிபி சகோதரிகளுக்கு, மேலே சொன்ன பட்டியலால், பேரங்காடி வேலை ஏறக்குறைய மூடிய கதவு. படித்த பெண்கள் பலர் வீட்டில் இருப்பதைப் பார்க்க எனக்கு மனம் கேட்பதில்லை, ஆனால் விதி இதுதான்.

குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்து நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. முன்கூட்டிய ஒப்புதல் கடிதம் இருந்தால் வேலை பார்க்கலாம், இல்லாவிட்டால் முதலாளி விண்ணப்பிக்கலாம். என் அணியில் இருந்த நான்கு தமிழ்ப் பெண்களில் இருவர் அப்படி வந்தவர்கள்.

மாணவர்கள்?

குடிமக்கள் என்றால் தடையில்லை. மாணவர் அனுமதியில் இருப்பவர், அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் முழுநேரம் படித்தால், பருவ நாட்களில் வாரம் 16 மணி வரை. பள்ளி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தனியார் கல்லூரிகள் பல அதில் இல்லை.

எனக்குச் சீனம் வராது. எடுப்பார்களா?

எனக்கும் வராது. பதினான்கு ஆண்டு ஓட்டினேன். எண்களும் "பை வேண்டுமா", "உறுப்பினர் அட்டை உண்டா" என்பதும் மாண்டரினில் முதல் வாரத்தில் வந்துவிடும், மலாயும் அப்படியே. 2023 ஜூலை 3லிருந்து பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்க வேண்டும் என்று வந்தபோது, வயதான பாட்டிகளுக்கு நான்கு மொழியிலும் விளக்கி என் வாய் ஓய்ந்தது. அரசு வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டைக் கைப்பேசியில் திறக்கத் தெரியாமல் நிற்கும் தாத்தாவுக்குப் பொறுமையாகக் காட்டிக் கொடுப்பதுதான் இந்த வேலையில் மொழி.

வேலை விளம்பரத்தில் சீனம் கட்டாயம் என்று போட்டிருந்தால், எதற்குத் தேவை என்று மரியாதையாகக் கேட்கலாம். காரணமில்லாமல் மொழியை நிபந்தனையாக்கக் கூடாது என்பது இங்குள்ள நியாயமான வேலை நியமன வழிகாட்டுதல்.

பன்றி இறைச்சி, மாட்டிறைச்சி, மது. தொட வேண்டி வருமா?

கல்லாவில் நின்றால் வரும். பொட்டலத்தோடு வருடியில் (ஸ்கேனரில்) காட்டுவதுதான், ஆனால் கை படும். இறைச்சிப் பகுதியில் நிற்க மாட்டேன் என்பதை நேர்காணலிலேயே சொல்லுங்கள், சொன்னதற்காக யாரும் என்னைத் தாழ்வாகப் பார்த்ததில்லை. பன்றி இறைச்சிக்குத் தனி இடமும் தனி ஆட்களும் வைத்திருக்கும் கிளைகளே அதிகம். என்னோடு வேலை பார்த்த முஸ்லிம் தோழி கையுறை போட்டுக்கொள்வாள், எனக்கு மாட்டிறைச்சி வந்தால் பக்கத்துக் கல்லாவில் இருந்த மெய்யிங் எடுத்துக்கொள்வாள். நாங்களே பேசி முடித்துக்கொண்ட ஏற்பாடு அது.

மது வாங்குபவருக்கு 18, சிகரெட்டுக்கு 21 வயது. இரவு 10.30க்கு மேல் மது விற்கக் கூடாது. 10.32க்கு ஒருவர் நின்று எவ்வளவு கெஞ்சினாலும் பதில் ஒன்றுதான்.

தீபாவளிக்கு விடுப்பு கிடைக்குமா?

தீபாவளி பொது விடுமுறை. அன்று வேலை செய்தால் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் கூடுதலாக உண்டு. எங்கள் கிளையில் எழுதப்படாத வழக்கம் ஒன்று இருந்தது: சீனப் புத்தாண்டு வாரத்தில் இந்தியரும் மலாய்க்காரரும் நிற்போம், தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சீனர்கள் நிற்பார்கள். புத்தாண்டுக்கு முந்தைய நாள் கூட்டத்தில் நின்ற கணக்கு, எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் இருக்கும்போது இனிக்கும். தைப்பூசம் 1968லிருந்து பொது விடுமுறை இல்லை. பால்குடம், காவடி நேர்ந்திருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள்.

எனக்கு 62 வயது. இனி யார் எடுப்பார்கள்?

பேரங்காடி எடுக்கும். 2026 ஜூலை 1லிருந்து ஓய்வுபெறும் வயது 64, அதற்குப் பிறகும் முதலாளி தொடர்ந்து வேலை தர வேண்டிய மறுவேலை நியமன வயது 69. எங்கள் காய்கறிப் பகுதியின் தூண் எழுபதை நெருங்கிய ஒரு அம்மா. பாரம் தூக்கும் வேலையைத் தராதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

எல்லா இடத்திலும் சுயகட்டண இயந்திரம். கேஷியர் வேலை நிலைக்குமா?

கேஷியர் எண்ணிக்கை குறைகிறது, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நான் சேர்ந்தபோது எட்டுக் கல்லாவில் எட்டுப் பேர். விலகும்போது மூன்று கல்லா, மீதி இயந்திரம். அந்த இயந்திரங்களுக்கு நடுவில் ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும்: மது வாங்குபவர் வயதைப் பார்க்க, எடை மாறியதைச் சரிசெய்ய, அடையாளம் தெரியாத கீரைக்கு விலை கண்டுபிடிக்க. ஒரே இடத்தில் நின்று வருடும் வேலை போய், நடந்து உதவும் வேலை வந்திருக்கிறது.

கல்லாவை மட்டும் கற்றுக்கொண்டு நின்றவர்கள்தான் என் கண்முன் சிரமப்பட்டார்கள். ஆறு மாதம் ஆனதும் சரக்கு எண்ணுவது, புதுச்சரக்குப் பகுதி, ஆர்டர் போடும் கருவி என்று இன்னொன்றைக் கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளுங்கள். 40 வயதைத் தாண்டிய குடிமக்களுக்கு 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசின் பயிற்சிக் கணக்கில் 4,000 வெள்ளி வந்திருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஜோகூரிலிருந்து வரும் ஆட்கள் நம் வேலையை எடுத்துக்கொள்கிறார்களா?

அவர்களிலும் நம் தமிழர்கள் நிறைய. விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து மலேசியாவிலிருந்து பாலத்தைத் தாண்டி ஏழு மணி ஷிஃப்டுக்கு வந்து நிற்கும் பிள்ளைகளோடு வேலை பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு மரியாதை மட்டும்தான். நிறுவனம் விரும்பிய அளவுக்கு அவர்களை எடுக்க முடியாது. சேவைத் துறையில் வெளிநாட்டு ஊழியர் மொத்தம் 35 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அந்தக் கணக்கே உள்ளூர் ஆட்களின் எண்ணிக்கையை வைத்துத்தான். உள்ளூர் ஆள் சேரச் சேரத்தான் அவர்களுக்கும் இடம் வரும். 2026 இறுதிக்குள் புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையில் ரயில் வரவிருக்கிறது, ஐந்து நிமிடப் பயணம். அவர்களுக்குத் தூக்கம் கொஞ்சம் மிஞ்சும்.

கடை வேறு கைக்கு விற்கப்பட்டால் வேலை என்ன ஆகும்?

வளர்ச்சி எல்லாருக்கும் ஒரே திசையில் போவதில்லை. 1903லிருந்து இருக்கும் கோல்ட் ஸ்டோரேஜையும், ஜயன்ட்டையும் 125 மில்லியன் வெள்ளிக்கு மலேசிய நிறுவனமான மேக்ரோவேல்யூவுக்கு விற்பதாக 2025 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அப்போது பழைய தோழிகள் பதறிப்போய் அழைத்தார்கள். வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வருபவருக்கு, தொழில் கைமாறும்போது வேலையும் அதே நிபந்தனைகளோடு கைமாறும். சேவை ஆண்டுகள் அறுபடாது. மாற்றத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லவும் வேண்டும்.

ஆட்குறைப்பு என்றால், இரண்டு ஆண்டு சேவை முடித்தவர் இழப்பீடு கேட்கலாம். ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது வழக்கம், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சம்பளம் வராமல் போனால், வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அழுதுகொண்டு எட்டாம் மாதம் வந்தவர்களுக்கு என்னால் உதவ முடியவில்லை.

எங்கே விண்ணப்பிப்பது? நேர்காணலில் என்ன பேசுவது?

அரசின் வேலை தேடும் தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சர், அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கம், இல்லையென்றால் நேராகக் கடைக்கே போங்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் போங்கள், கூட்டம் குறைவு, மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவார். அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை வர முடியும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் கிளையில் ஆள் எடுக்கும்போது மேலாளர் சான்றிதழைவிட அந்தத் தாளைத்தான் நீண்ட நேரம் பார்ப்பார்.

குறைந்தபட்ச மணி, ஓய்வுநாள் எது, வேறு கிளைக்கு மாற்றுவார்களா. இந்த மூன்றையும் நீங்கள் கேளுங்கள். மூன்றாவது ரொம்ப முக்கியம். வீட்டுக்குக் கீழே என்று சேர்ந்து, நான்காம் மாதம் தீவின் மறுகோடிக்கு மாற்றினால், நீங்கள் சேர்ந்ததன் காரணமே போய்விடும். எங்கள் புளோக் கடைக்கு அடுத்த திங்களும் செவ்வாயும் பிற்பகல் நேர்காணல் என்று தாளில் போட்டிருக்கிறார்கள். படிவத்தை நிரப்பத் தயக்கமாக இருப்பவர்கள் ஞாயிறு மாலை கீழ்த்தளத்துக்கு வாருங்கள், பேனாவோடு இருப்பேன்.